சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கும் முறை

பழைய காரின் என்ஜினை மாற்றியமைக்கும் இளைஞர்கள் சிலர் புகைக்குழாயில் 'வைட்பேண்ட்' ஆக்சிஜன் சென்சார் பொருத்துகிறார்கள். பெட்ரோல் கூடியதா, குறைந்ததா என்று அது சொல்லும். நல்லதுதான். ஆனால் ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அது சரியாகக் கணிக்கும். அதைச் சூடேற்றிக் கணக்குச் சொல்லும் பெட்டியே கண்ட்ரோலர். அது மின்சாரத்தை நிறையக் குடிக்கும்.

ஆகவே ரேடியோ வயரில் ஒட்டுப் போடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரி அருகிலேயே பியூஸ் வைத்து, ரிலே வழியாகக் கொடுங்கள். சாவியைத் திருப்பினால்தான் ரிலே இயங்க வேண்டும். நேரே பேட்டரியில் கட்டினால் காலைப் பெரட்டு நேரத்தில் கார் கிளம்பாது! மின்சாரமே கொடுக்காமல் ஓட்டினாலோ சென்சாரில் கரி படிந்து கெட்டுவிடும், விலையும் கொஞ்சமல்ல.

எர்த் வயரை, என்ஜின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அதே இடத்தில் முடுக்குங்கள். வேறிடத்தில் கொடுத்தால் சிறு வோல்ட் வேறுபாடு கணக்கைப் பிசகாக்கும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது போதுமென்று காட்டினால், பிஸ்டன் உருகவும் கூடும்.