கடற்கரையில் கஞ்சமலை

சேலத்துச் சமவெளியிலும் நாமக்கல் பக்கத்திலும் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவரும் ஒரு காட்சி. துறைமுகங்களின் வரலாறு பாடப் புத்தகத்தில் வருகிறது. அதில் யவனர் வருகின்றனர், போர்த்துக்கீசியர் வருகின்றனர், டேனியர் வருகின்றனர். நம் ஊரின் பெயர் வருவதில்லை. ஆகவே, அந்த வரலாறு வேறு யாருக்கோ உரியது என்று நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது அப்படி அன்று என்பதை, நண்பர்கள் மூவரோடு ஒரு வேனில் கடற்கரைப் பட்டினங்களுக்குச் சென்றுவந்த பயணத்தைக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது. மேல்நாடுகளில் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவோர் உண்டு. அத்தகைய வண்டியின் விலை நம்மைப் போன்றோர்க்கு எட்டாதது. ஆனால், லாரிக்குப் பாடி கட்டுவதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். அங்கே இருந்துகொண்டு வண்டிக்கு ஏன் ஏங்க வேண்டும்? பழைய வேன் ஒன்றைப் பட்டறையில் விட்டோம். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தித் தந்தார்கள். இருவர் உள்ளே உறங்குவது, இருவர் வெளியே பாய் விரிப்பது என்று ஏற்பாடு. விடுதியைத் தேடி ஓட வேண்டிய தொல்லை இல்லாததால், நாங்கள் நெடுஞ்சாலையைப் பின்பற்றாமல் ஓர் ஆற்றைப் பின்பற்ற முடிந்தது.

அந்த ஆறு வெள்ளாறு. ஆத்தூர் வழியாக ஓடும் வசிட்ட நதியும், கங்கவல்லி, வீரகனூர் வழியாக வரும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு என்னும் பெயரைப் பெறுகின்றன. பிறகு அது பெண்ணாடத்தையும் சேத்தியாத்தோப்பையும் புவனகிரியையும் கடந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஆத்தூர்ப் பாலத்தின் கீழே வெறும் மணலாகக் கிடந்த ஆறு, பரங்கிப்பேட்டையில் மறுகரையில் நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்கு அகன்ற கழிமுகமாகி விரிவதைக் கண்டபோது நாங்கள் வாய் பேசாது நின்றோம்.

போர்த்துக்கீசியர் இவ்வூரைப் போர்ட்டோ நோவோ என்றனர். புதிய துறைமுகம் என்பது அதன் பொருள். 1781-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் இங்கே பொருதின. ஹைதர் தோற்றார். அன்று சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டவை. பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1792-இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் நம் சமவெளி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. இந்தக் கைமாற்றம் இல்லையேல் நான் இப்போது சொல்லப்போகும் கதையும் இல்லை.

சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையை நீங்கள் அறிவீர்கள். அதன் கல்லில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது மிகுதி. களிமண்ணால் ஆள் உயர உலை அமைத்து, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, மரக்கரியின் வெப்பத்தில் அத்தாதை உருக்கி இரும்பாக்கும் தொழில் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் நடந்துவந்தது. தென்னாட்டு உருக்கின் சிறப்பு எத்தகையது எனில், இலண்டனில் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர், மின்சாரத்தில் புகழ் பெறுவதற்கு முன்பே, இந்திய உருக்கின் இயல்பை ஆராய்வதில் ஈடுபட்டிருந்தார்.

சேலத்தில் கம்பெனியின் அலுவலராய் இருந்த சோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இந்தத் தாதைக் கண்டு ஆசை கொண்டார். வேலையை விட்டார், கம்பெனியிடம் கடன் பெற்றார், 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறைப்படி பெரிய உலையை மூட்டினார். தாது சேலத்தில்; உலை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடற்கரையில். ஏன் இந்த விந்தை? செய்த இரும்பைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே காரணம்.

வேல்ஸ் நாட்டில் 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டது என்று நூல்கள் கூறுகின்றன. அதே கடற்காலின்மேல் அமைந்த மெனாய்த் தொங்கு பாலத்தையும் சிலர் சேர்த்து எழுதுவர். அப்பாலம் திறக்கப்பட்டது 1826-இல். ஹீத்தின் உலை எரியத் தொடங்கியதோ 1830-இல். பெருமை பேசும் ஆர்வத்தில் ஆண்டுகளை ஒப்பிட மறந்துவிடுகிறார்கள்! மாணவர்கள் மறத்தல் ஆகாது.

தொழில் நிலைக்கவில்லை. உலை தின்றது மரக்கரியை. அருகிலிருந்த காடு தீர்ந்தால் அடுத்த காடு. அதுவும் தீர்ந்தால் இன்னும் தொலைவில் உள்ள காடு. கரியைச் சுமந்துவரும் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. இங்கிலாந்திலோ நிலக்கரியிலிருந்து எடுத்த கற்கரியைக் கொண்டு மலிவாக இரும்பு செய்துகொண்டிருந்தனர். நிறுவனம் பெயர் மாறியது, முதல் சேர்த்தது, மீண்டும் கடன்பட்டது. 1870-களில் கலைந்தே போயிற்று. ஹீத் அதற்கு முன்பே தாயகம் திரும்பிவிட்டார். மாங்கனீசைச் சேர்த்து நல்ல உருக்கை மலிவாகச் செய்யும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். செபீல்டு நகரத்து ஆலைகள் அதனால் செழித்தன. அவரோ உரிமைக்காக வழக்காடியே 1851-இல் மறைந்தார். அவருக்காக இரங்கலாம். ஆனால், மேல்நாட்டு மலிவு இரும்பு வந்து குவிந்தபோது கஞ்சமலை அடிவாரத்தில் துருத்தி ஊதியவர்களின் உலைகளும் அணைந்தன. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. எனக்கு இரக்கம் அவர்கள்பாலே மிகுதி. 1981-இல் அதே மலையடியில் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது; ஆயினும் அது கஞ்சமலைத் தாதை உருக்குவதில்லை.

அன்றிரவு கழிமுகத்தருகே வண்டியை நிறுத்த மீனவர்கள் இடம் காட்டினார்கள். கடற்கரையில் வண்டியோடு தங்க விரும்புவோர் ஊரார் அனுமதியைக் கேட்டே தங்குதல் வேண்டும். மணலில் வண்டியை இறக்குதல் கூடவே கூடாது. விடியும்போது பார்த்தால், பட்டறையில் புதிதாய் அடித்த கொக்கிகளின்மேல் உப்புக் காற்று செந்நிறமாய்ப் பூத்திருந்தது!

தரங்கம்பாடியை அடுத்த நாள் கண்டோம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார். 1712-இல் அச்சுப்பொறி வந்தது. தமிழில் நூல்கள் அச்சாயின. 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டுச் சென்றனர். கோட்டையைவிட என் உள்ளத்தைக் கவர்ந்தது, அதன் பக்கத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முற்பகுதியை அலை அரித்துக்கொண்டு போயிற்று. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் இந்தக் கரை பட்ட பாட்டை ஊரார் இன்றும் சொல்கிறார்கள்.

அங்கிருந்து பூம்புகார் மிக அருகில். கீழையூரில் 1960-களில் தொல்லியல் அறிஞர்கள் செங்கல்லாலான பழைய படகுத்துறையைத் தோண்டிக் கண்டார்கள். காவிரிக் கிளை ஒன்று அதைத் தொட்டு ஓடிய காலத்தில் படகுகள் அங்கே கட்டப்பட்டன. ஆறு பின்னர் விலகிவிட்டது. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் 1987-இல் உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன அல்லவா? அவை மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தனவோ, இத்தகைய கீழைத் துறை ஒன்றிலிருந்து வந்தனவோ, எந்த வழியாயினும் கடல் கடந்த காசு நம் ஊர் மண்ணில் கிடந்திருக்கிறது.

காவிரி கடலோடு கலக்கும் இடத்தைக் காண நண்பர்கள் ஆவலோடு ஓடினார்கள். மோகனூரில் பரந்து கிடக்கும் அந்தப் பேராறு, இங்கே ஒரு வாய்க்கால் அளவாய் ஒடுங்கியிருந்தது. வெள்ளத்தின் பெரும்பகுதியை முக்கொம்பிலேயே கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. எஞ்சியது வயல்களுக்குப் பிரிந்து போகிறது. அங்கே நின்ற முதியவர் ஒருவர், “எந்த ஊர்ப் பிள்ளைகள் நீங்கள்?” என்று வினவினார். சேலத்துப் பக்கம் என்றோம். “மேட்டூரில் நீர் எவ்வளவு இருக்கிறது?” என்று உடனே கேட்டார். 1934-இல் கட்டி முடித்த அந்த அணை நம் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் மதகு திறக்கும் நாளை எதிர்நோக்கி இந்தக் கடைமடையில் ஒருவர் நிற்கிறார். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அந்தக் கணக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார், அடிக்கணக்காக.