பிக்கப் வண்டிக்கு மேடை கட்டலாம், பின்பாரம் ஆகாமல்
(வானொலி உரை)



கட்டை வண்டி ஓட்டிய கைகளுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. பாரம் முன்னால் கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு நின்றுவிடும். நாமும் இறங்கி நாலு மூட்டையை முன்னுக்கு நகர்த்துவோம். பிக்கப் வண்டி அப்படி நிற்காது. பின்பாரத்தோடேயே ஓடும். ஓடி, ஒருநாள் காட்டிவிடும்.

எனக்குக் காட்டியது 2014-ல். பரமத்தி வேலூர்ப் பக்கம் எனக்கு வாழைத் தோட்டம். பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். பின்பக்கத் தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் திறந்த தட்டையான மேடை கட்ட நினைத்தேன். எந்தப் பக்கம் நின்றும் தார் ஏற்றலாம், இறக்கலாம் அல்லவா?

பட்டறை ஆசாரி அளந்து பார்த்துவிட்டு, "அண்ணா, எட்டடி போதுமுங்க. நீளம் வெச்சா பின்பாரம் ஆயிரும்" என்றார். நான் கேட்கவில்லை. "ஒன்றரை அடி கூட வைங்க, இன்னும் நாலு தார் ஏத்திக்கலாம்" என்றேன். ஒன்பதரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம், தரைக்கு 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. தகடு மட்டுமே ஏறக்குறைய 190 கிலோ. அதைச் சேஸிஸோடு வைத்துப் பற்றவைக்கவும் சொன்னேன்.

மூன்றாம் மாதம் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது வண்டியின் மூக்கு தூக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. வயலில் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மைத்துனருக்குக் கை முறிந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால், பற்றவைத்த இடத்தில் சேஸிஸிலும் விரிசல் விட்டிருந்தது. அன்றைக்கு உயிர் தப்பியதே பெரிது.

கணக்கு சுலபம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 100 அங்குலம் என்று வையுங்கள். 1,000 கிலோ பாரத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 10 அங்குலம் முன்னால் இருந்தால், அதில் 100 கிலோ முன் சக்கரத்துக்குப் போகும். 10 அங்குலம் பின்னால் இருந்தால், முன் சக்கரத்தில் ஏற்கெனவே உள்ள எடையில் 100 கிலோ குறையும். முன் சக்கரம் தரையை நன்றாகப் பிடித்தால்தானே ஸ்டியரிங் பேசும்?

ஆகவே முதலில் கேபின் முதுகிலிருந்து பின் அச்சு வரை அளந்து கொள்ளுங்கள். என் வண்டியில் 51 அங்குலம். எட்டடி மேடைக்கு நடு 48 அங்குலம்; அது அச்சுக்கு முன்னால் விழுகிறது. ஒன்பதரை அடிக்கு நடு 57, அச்சையும் தாண்டிவிடுகிறது. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கின்றன. என் பழைய மேடை அதையும் தாண்டியிருந்தது.

இனி கட்டும் முறை. சேஸிஸில் புதிதாகத் துளை போடாதீர்கள், பற்றவைக்காதீர்கள். அதன் மேல் இரண்டு பக்கமும் கெட்டி மரப்பட்டை வைத்து, அதன் மேல் 3 அங்குலச் சேனல் இரண்டை நெடுஞ்சட்டமாகப் போடுங்கள். சட்டத்தின் முன் முனையை அடிப்பக்கம் சாய்வாகச் சீவிவிட வேண்டும். வெட்டிய முனை அப்படியே உட்கார்ந்தால் அந்த இடத்தில்தான் சேஸிஸ் விரியும். பிறகு யு போல்ட் போட்டு இறுக்குங்கள். இறுக்கும்போது சேஸிஸின் விளிம்பு மடங்காமல் இருக்க உள்ளே கட்டை கொடுக்கணும். புகைக்குழாய்ப் பக்கம் மரக்கட்டை ஆகாது, இரும்புத் துண்டு வையுங்கள். பிரேக் குழாயும் ஒயரும் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டங்களைக் கழற்றித் தரையில் வைத்தே பற்றவையுங்கள். டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நெருப்புப் பொறி வேண்டவே வேண்டாம்.

குறுக்குச் சட்டம் ஒன்றரை அடிக்கு ஒன்று. பின் டயருக்கு மேலே இடம் விட மறக்காதீர்கள். அச்சு மேலே வந்து முட்டும் ரப்பர் வரை உள்ள இடைவெளி 4 அங்குலம் என்றால், டயருக்கும் மேடைக்கும் நடுவே 6 அங்குலமாவது வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது டயர் மேடையில் உரசும்.

தரைக்கு இரும்பு எதற்கு? ஓர் அங்குல வேப்பம் பலகை போதும். எட்டடி மேடைக்கு 70, 80 கிலோதான் வரும். நன்றாகக் காய்ந்த பலகையாக இருக்கட்டும். பலகைக்குப் பலகை கால் அங்குலம் சந்து விட்டால் மழைத்தண்ணீர் வடிந்துவிடும். பலகை போடுவதற்கு முன்பே சட்டங்களுக்கு ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள். அப்புறம் தூரிகை உள்ளே போகாது. கேபினுக்குப் பின்னால் உறுதியான தடுப்பு அவசியம். சட்டென்று பிரேக் போட்டால் சரக்கு உங்கள் முதுகுக்குத்தான் வரும். கயிற்றுக் கொக்கிகளைப் பலகையில் அடிக்காமல் இரும்புச் சட்டத்தில் வையுங்கள்.

முதல் நடைப் பாரம் ஏற்றி இறக்கியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். பிறகு எடைமேடைக்குப் போய், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, காலி வண்டியாக ஒரு தடவையும் பாரத்தோடு ஒரு தடவையும் எடை போட்டுப் பாருங்கள். பாரத்தோடு எடை குறைந்தால் அது பின்பாரம்.

முக்கியமான ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஆகவே அளவு போட்ட படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், அனுமதி கிடைத்த பிறகே பழைய தொட்டியில் கை வையுங்கள். மேடையின் எடையும் பாரத்தில் சேர்ந்ததுதான். மேடை கனத்தால் சரக்கைக் குறைக்கத்தான் வேண்டும்.

நான் அதே ஆசாரியிடம் திரும்பப் போனேன். "இப்பவாவது எட்டடி போதுமுங்களா?" என்று சிரித்தார். முறைப்படி அனுமதி வாங்கி எட்டடியிலேயே கட்டினோம். ஒரு நடைக்கு நாலு தார் குறைகிறது, உண்மைதான். ஆனால் மைத்துனர் இப்போது பயமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். அந்த நாலு தாரைவிட எனக்கு அது பெரிது.