பல் எடுத்த பின் நோவும் மாத்திரையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் பல் நோவைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும். தாயகம் விட்டு வந்து தனியறையில் வாழும் நம் இளைஞர் பலர், பல் எடுத்துக்கொண்ட அன்றிரவு, அருகிலுள்ள மருந்துக்கடையில் "வலிக்கு ஏதேனும் கொடுங்கள்" என வாங்கி விழுங்குகின்றனர். அவ்விடத்து மொழியிற் பேசத் தயங்கி, மருந்தின் பெயரையும் கேளாது திரும்புகின்றனர். அதனாலேயே பேசத் துணிந்தேன்.

மரப்பு ஊசியின் ஆற்றல் சில மணி நேரமே நிற்கும். அது முற்றும் நீங்குமுன் முதல் மாத்திரையை உட்கொள்வது நன்று. முற்றிய நோவை அடக்குதல் அரிது.

எளிதிற் கிடைப்பவை மூன்று. முதலாவது பாராசிட்டமால். நலமுள்ள வயது வந்தோர் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, 6 மணி நேர இடைவெளியில் உட்கொள்ளலாம். ஒரு நாளில் 4000 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது. 3000-த்தில் நிறுத்துவோர் அறிவுடையோர். மிஞ்சினால் கல்லீரல் கெடும். மதுப்பழக்கமுடையோர்க்கு இவ்வெச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

இரண்டாவது ஐபுபுரோஃபென். வீக்கத்தையும் தணிப்பதால் பல் நோவுக்கு மிக ஏற்றது. உணவுக்குப் பின் 400 மில்லிகிராம். நாளொன்றுக்கு மும்முறைக்கு மேல் வேண்டா. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையோரும், கருவுற்ற மகளிரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடலாகாது. டெங்குக் காய்ச்சல் என்ற ஐயம் எழுந்தாலும் இது விலக்கத்தக்கதே.

மூன்றாவது ஆஸ்பிரின். இது குருதிப்போக்கை மிகுவிப்பதால் பல் எடுத்த நோவுக்கு உதவாது. ஈறில் வைத்து அடக்கினால் சதை வெந்து புண்ணாகும். ஆயினும், இதய நோய்க்கென மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமே நிறுத்துதல் பெருந்தவறு.

மறைந்து நிற்கும் இடரொன்றுண்டு. ஒரே மாத்திரையில் ஐபுபுரோஃபென் 400, பாராசிட்டமால் 325 மில்லிகிராம் எனக் கலந்து விற்கின்றனர். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. இவற்றைச் சேர்த்துண்பவர், அறியாமலே அளவைக் கடப்பர். கடைக்காரர் அட்டையை வெட்டித் தருகையில் பெயரும் அளவும் அகன்றுவிடுவதுண்டு. பெயருள்ள பகுதியைக் கேட்டுப் பெறுங்கள். பெயர் தெரியாத மாத்திரையை உண்ணாதீர்கள்.

சிறுவர்க்கு உடல் எடை நோக்கியே அளவு. பெரியோர் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுத்தல் முறையன்று. 12 வயதுக்குட்பட்டோர்க்கு நிமெசுலைடு கொடுப்பதை இந்திய அரசு 2011-இல் தடை செய்தது.

நிறைவாக ஒன்று. நோவு நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் கடுமையாகி, செவி வரை பரவி, வாய் நாறுமாயின், குழியிலிருந்த குருதிக்கட்டி விலகி எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். வீக்கம் பெருகினும், காய்ச்சல் கண்டாலும், குருதி நில்லாவிடினும், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாவிடினும் மாத்திரையைக் கூட்டாதீர். மருத்துவரை உடனே நாடுவீர். அடுத்த அறையில் நம்மவர் ஒருவர் பல் எடுத்துக்கொண்டு வந்தால், அன்றிரவு அவர் கதவைத் தட்டி, ஆறிய கஞ்சியோடு இச்செய்தியையும் கொடுப்பீராக.