நான்கு தந்தி போதும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் இசைக் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சங்கத்தின் நூறாண்டுப் பணிகளைப் பற்றி எங்களுக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நாங்கள் ஒரு சிறிய விடயத்தை மட்டும் சொல்ல வந்திருக்கிறோம். இசை அறையில் இருக்கும் கிட்டாரில் தடித்த இரண்டு தந்திகள் இல்லை. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நம் ஊரின் மூட்டமும் ஈரமும் உருக்குத் தந்தியை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். மிஞ்சிய நான்கு தந்திகளைக் கொண்டு என்ன செய்யலாம் என்று தேடியபோது கிடைத்ததையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

அந்த நான்கையும், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டுவது வழக்கம். நாங்கள் ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். மெல்லிய ஈ தந்தியை இரண்டு மெட்டளவு தளர்த்தி டிக்குக் கொண்டுவந்தோம். பக்கத்திலுள்ள பி தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி மீட்டி, அந்த ஒலியோடு இது சேர்கிறதா என்று காதால் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது இடக்கை படாமல் நான்கையும் மீட்டினாலே இனிய கூட்டொலி எழும். நம் முறையில் சொன்னால் ப, ச, க, ப.

இதில் சட்சமாக நிற்பது ஜி, அதாவது ஐந்து கட்டை. பெண்கள் பெரும்பாலும் பாடும் சுருதி ஐந்தும் ஐந்தரையும்தானே! பாடுகிறவள் கிட்டாருக்காகக் குரலை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் மத்திமத்தின் கூட்டொலி. ஏழாம் மெட்டில் பஞ்சமத்தின் கூட்டொலி. இந்த மூன்றையும் கொண்டு எத்தனையோ பள்ளிப் பாடல்களுக்குத் துணை வாசிக்கலாம். ஆறு தந்தியை எட்டிப் பிடிக்க முடியாத சின்னக் கைகளும் இதைச் செய்கின்றன.

இது ஏதோ இல்லாத குறைக்குச் செய்த ஒட்டுவேலை என்று யாரும் எண்ண வேண்டாம். வீணையில் மெட்டுகளின் மேல் ஓடும் தந்திகள் நான்கே. அவை ச, ப, ச, ப என்று நிற்கின்றன. தம்புராவுக்கும் தந்தி நான்கு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டப்படும் அந்த நான்கு தந்திகள் நம்மவர் கையில் ச, ப, ச, ப ஆயின. வாத்தியம் வெளியிலிருந்து வந்தது, சுருதி நம்முடையதாயிற்று.

இன்னொரு கதையும் நமக்கு நெருக்கமானது. 1879இல் மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குக் கப்பலேறிய போர்த்துக்கேயர் கொண்டுபோன சிறு வாத்தியத்திலிருந்தே நான்கு தந்தி உக்குலேலே பிறந்தது. கிட்டார் தந்திகளைத் தளர்த்தி வாசிக்கும் ஒரு மரபும் அத்தீவுகளில் வளர்ந்தது. தோட்டத்துக்குப் போன சனங்கள் வெறுங்கையோடு போகவில்லை. நம் முன்னோர் தப்பையும் காமன் கூத்தையும் தாலாட்டையும் கொண்டு இந்த மலை ஏறியதைப் போலத்தான்.

இந்தச் சுருதிக்கு ஓர் எல்லை உண்டு. திறந்த பி தந்தி அந்தர காந்தாரம். சங்கராபரணம், கல்யாணி, மோகனம் போன்ற இராகங்களுக்கு அது பொருந்தும். கரகரப்பிரியாவிலோ தோடியிலோ உறுத்தும். அப்போது அந்தத் தந்தியை மேலும் தளர்த்தி, பக்கத்து ஜியோடு ஒன்றாக்கிவிடுகிறோம். ப, ச, ச, ப என்று தம்புராவைப் போல ஒலிக்கும். எந்தக் காந்தாரம் என்பதைப் பாடுகிறவளே தீர்மானிப்பாள்.

இங்குதான் எங்கள் வேண்டுகோள் வருகிறது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்தார். அச்சில் சொற்கள் நின்றுவிடும், மெட்டு நிற்காது. அது பாடுகிறவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் அம்மாயியிடமும் அப்பாயியிடமும் கேட்டுவரும் தாலாட்டை எந்தச் சுரத்திலும் திணிக்காமல் தாங்கிக்கொள்ள இந்தச் சுருதியால் முடிகிறது. ஆனால் கேட்டுவர வேண்டிய வீடுகளில் பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, கொழும்பிலிருந்தாலும் லண்டனிலிருந்தாலும், உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைபேசியில் பதிந்து பள்ளிக்கு அனுப்புங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சோடித் தந்தியும் அனுப்புங்கள். துருப்பிடிக்கும் ஊர் இது! தந்தி வரத் தாமதமானாலும் பரவாயில்லை, இருக்கிற நான்கு போதும். பாட்டு மட்டும் தாமதிக்கக் கூடாது.