புல்லும் காடுதான்



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்தத் தாவரவியல் ஆசிரியரிடம் நான் மூன்று ஆண்டுகள் படித்தவன். வகுப்பில் அவர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. உதகைக்கு மேலே ஒரு ஜனவரி மாதக் காலையில் அவர் செய்த காரியம் மட்டும் மறக்கவே இல்லை. புல்சரிவு ஒன்றில் எங்களை மண்டியிடச் சொன்னார். புல்லின் தூருக்கடியில் கையை நுழைத்து, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழியச் சொன்னார். மண் கறுப்பாக, பஞ்சுபோல இருந்தது. மழை நின்று பல வாரம் ஆகியிருந்தும் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. பிறகு சாலையைத் தாண்டி எதிரே இருந்த கற்பூர மரத் தோப்புக்குள் அழைத்துப் போனார். காலடியில் சருகு நொறுங்கியது. அங்கே அள்ளிய மண் விரலில் ஒட்டக்கூட இல்லை, பொலபொலவென்று உதிர்ந்தது.

“இந்த இரண்டில் எது காடு?” என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் மரங்களைக் காட்டினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சர்க்காரும் இதைத்தான் சொல்லுது” என்று மட்டும் சொன்னார்.

காடழிப்பு என்றால் கோடரியும் வாளும் நினைவுக்கு வருவது இயல்பு. நீலகிரியின் கதையில் அவையும் உண்டு. ஆனால் அந்த மலையின் பெரும் பரப்பு, மரம் நட்டதாலேயே அழிந்தது. நல்ல எண்ணத்தோடு, திட்டம் போட்டு, பொருளாதார வளர்ச்சியின் பேரால் நட்ட மரங்களால் அழிந்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நீலகிரியின் உச்சிப் பீடபூமியில் இயற்கை இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தது. மடிப்பிலும் ஓடையோரத்திலும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. திறந்த சரிவுகளில் புல்வெளி. சோலை என்ற நம் சொல்லையே உலகத் தாவரவியலாளர்கள் இந்த வகைக் காட்டுக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். சரிவில் பனி உறையும் இரவுகளைச் சோலை மரக்கன்றுகள் தாங்குவது அரிது, புல் தாங்கும். தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த வெளி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வந்தவர்கள் கண்ணுக்கு அது மரமில்லாத வெற்றிடமாகத் தெரிந்தது. எல்லாக் கோளாறும் அந்தப் பார்வையில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பிறகு ஊர் வளர்ந்தது, குளிருக்கு விறகு வேண்டியிருந்தது, சோலைகள் விறகாயின. சோலை குறையவும், வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்கள் வந்தன. கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூகலிப்டஸ் வந்தது. அதன் இலையைக் காய்ச்சி வடித்த எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்று பெயரும் வந்தது. உதகைப் பக்கம் இலை காய்ச்சும் கொட்டகைக்குள் போயிருப்பவர்களுக்கு அந்த நெடி தெரியும். கண்ணில் நீர் வரும், மூக்கடைப்பு விட்டுப்போகும். மலையின் பெயரையே சூடிக்கொண்ட அந்தப் பொருள், மலைக்குச் சொந்தமில்லாத ஒரு மரத்திலிருந்து வருகிறது.

அடுத்து, வாட்டில் எனப்படும் சீகை மரம். தோல் பதனிட நம்மூரில் ஆவாரம் பட்டை இருந்தது. தோல் தொழில் பெருகியபோது அது போதவில்லை; ஆப்பிரிக்காவிலிருந்து சீகைப் பட்டை கப்பலில் வந்தது. அந்தப் பட்டையை இங்கேயே விளைவித்தால் அந்நியச் செலாவணி மிச்சம், தோல் பதனிடும் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் சரக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் சீகை நட்டார்கள். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கை இழை எடுக்கும் விஸ்கோஸ் ஆலை வந்தது. அதற்கும் மலையின் மரம் போயிற்று. இவற்றோடு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. வீடிழந்து வந்தவர்களுக்குக் கிடைத்த அந்தப் பிழைப்பைத் தவறு என்று சொல்ல எனக்கு நா எழாது. மலைக்கு அதனால் ஆன இழப்பையும் மறைக்க மாட்டேன்.

மரம் நட்டவர்களை வில்லன்களாக்கிப் பேசுவது எளிது, அது நியாயமில்லை. வனவியல் பாடப்புத்தகப்படி அவர்கள் செய்தது நிலைத்த வனவளர்ப்பு: எவ்வளவு வளருகிறதோ அவ்வளவே வெட்டு, பத்தாண்டுக்கு ஒரு முறை வெட்டு, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடு, அடுத்த பத்தாண்டில் மறுபடி வெட்டு. மரக்கணக்கில் அது சுத்தமான கணக்கு. இருப்பு குறையவே இல்லை. எதை நிலைக்க வைப்பது என்ற கேள்வியைத்தான் அவர்கள் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடி உதகையிலிருந்த மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் செய்த சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மதிப்பில் தமிழ்நாட்டில் காடு பற்றி நடந்த ஆய்வுகளிலேயே முதன்மையானது அது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் புல்லும் சோலையும். ஓடை வெளியேறும் வாயில் ஒரு சிறு தடுப்பணை கட்டி, நீர் போகும் இடத்தைச் சீராக வெட்டி வைத்தால், அதன் வழியே வழியும் தண்ணீரின் உயரத்தைக் கொண்டே எவ்வளவு நீர் போகிறது என்று சொல்லிவிடலாம். 1968-இலிருந்து நான்கு ஆண்டுகள் எதையும் தொடாமல் இரண்டையும் அளந்தார்கள். ஒன்றைப் பார்த்தால் மற்றதைக் கணிக்கலாம் என்கிற அளவுக்கு. 1972-இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் நட்டார்கள். பிறகு இருபது ஆண்டுகள் பொறுமையாக அளந்தார்கள்.

முதல் பத்தாண்டில், மரம் நட்ட பகுதியிலிருந்து வந்த ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டினார்கள், கட்டை துளிர்த்தது. இரண்டாம் சுற்றில் குறைவு 25.4 சதவீதம். முதல் சுற்றில் கன்று வேர்விட்டு வளரச் சில ஆண்டுகள் பிடித்தன. இரண்டாம் சுற்றில் வேர் ஆழத்தில் தயாராக இருந்தது. துளிர்த்த நாளிலிருந்தே குடிக்கத் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் திடீரென்று பாயும் வெள்ளத்தை அந்த மரங்கள் ஓரளவு தணித்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் கோடையில் ஓடையைத் தாங்கும் மெல்லிய ஒழுக்கு, ஆண்டுச் சராசரியைவிட மோசமாகக் குறைந்தது. தண்ணீர் யாருக்கும் தேவைப்படாத நாளில் கொஞ்சம் மிச்சம், உயிர்த்தண்ணீராக வேண்டிய நாளில் பெரிய பற்றாக்குறை.

இப்போது அந்த ஓடையோடு கீழே நடந்து பாருங்கள். பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மேலிருந்து இறங்கும் தண்ணீர் சிங்காராவில் ஒரு முறை சுழலியைச் சுற்றுகிறது. அதே தண்ணீர் மாயாறு மின்நிலையத்தில் இரண்டாம் முறை சுற்றுகிறது. பிறகு மாயாறாகப் பாய்ந்து பவானிசாகரில் சேர்கிறது. 1955-இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. ஒரு குடம் தண்ணீர் இரண்டு தடவை மின்சாரம் கொடுத்துவிட்டு வயலுக்கும் போகிறது. அந்தக் குடத்தில் கால் பங்கைக் கூழ்மரம் குடித்தால், அதைக் கழித்து எழுத எந்தப் பேரேட்டில் பத்தி இருக்கிறது? வெட்டிய மரத்துக்கு டன் கணக்கில் விலை வந்தது. அது வருமானமாக ஏறியது. வராமல் போன தண்ணீர் எங்கேயும் ஏறவில்லை. ஒரு கையால் மலையில் அணை கட்டிய அரசு, மறு கையால் அணைக்கு மேலே தண்ணீரைக் குடிக்கும் மரத்தை நட்டது. இரண்டு துறைகளும் தனித்தனியே தங்கள் இலக்கை எட்டின.

என்னை இன்னும் உறுத்துவது வேறொரு கணக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் வெளியிடும் வனநிலை அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத்தின் விதானம் 10 சதவீதமாவது மூடியிருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வி கிடையாது. ஆகவே புல்வெளியில் சீகை மூடினால் வனப்பரப்பு கூடும். சீகையை அகற்றிப் புல்லை மீட்டால் வனப்பரப்பு குறையும். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கண்டார்கள். அதில் பெரும்பகுதியை மரத்தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. நம்முடைய மாநில விலங்கான வரையாடு புல்வெளியின் பிள்ளை. அதைக் காக்க 2022-இல் 25.14 கோடி ரூபாயில் அரசு ஒரு தனித் திட்டமே அறிவித்திருக்கிறது. அந்த ஆடு நிற்கும் நிலம் மரமில்லாத நிலமாகத்தான் அறிக்கையில் இருக்கிறது. என் ஆசிரியர் சொன்ன வார்த்தை அப்படியே நிற்கிறது.

காடு என்றால் எது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் நீலகிரியிலிருந்துதான். கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, ஆவணத்தில் என்ன பெயர் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடு என்றது. பல இடங்களில் வாள்கள் நின்றன. காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுத்தால் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று விலை கட்டும் முறையும் அதே வழக்கின் தொடர்ச்சியாக வந்தது. தனி ஒரு மனிதரின் மனவேதனை இந்த நாட்டுக்குச் செய்த பேருதவி அது.

காகிதம் வேண்டாமா, பலகை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்கு விடையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1979-இல் கரூர் மாவட்டக் காகிதபுரத்தில் அரசு தொடங்கிய காகித ஆலை, கரும்பைப் பிழிந்து மிஞ்சும் சக்கையை முக்கிய மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. ஆலைகளுக்கு வேண்டிய மரம் விவசாயிகளின் நிலத்தில் விளையட்டும், இயற்கைக் காட்டைத் தொடாதீர்கள் என்று 1988 தேசிய வனக் கொள்கை எழுத்தில் வைத்தது. கடலூர், விழுப்புரம் பக்கம் மணல்நிலத்துச் சவுக்கு மூன்று, நான்கு ஆண்டில் வெட்டுக்கு வருகிறது. நீலகிரியின் அடிவாரத்திலேயே, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில், விவசாயிகளையும் ஆலைகளையும் ஒப்பந்தத்தில் இணைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். மரம் வயலில் விளையலாம், தண்ணீர் மலையில்தான் விளையும். சவுக்குக்காரருக்கு நியாயமான விலையும், வெட்டவும் ஏற்றவும் தொல்லையில்லாத அனுமதியும் கிடைத்தால், கூழுக்காக மலையேற யாருக்கும் அவசியம் இராது.

நட்டதை எடுப்பது நட்டதைப் போல எளிதல்ல. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டித் திறந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் முளைக்கும். சில பழைய தோப்புகளில் நிழலுக்கடியில் சோலைக் கன்றுகள் தாமே எழும்பியிருக்கின்றன. அங்கே வாளோடு போவது பாவம். மலையில் எத்தனையோ வீட்டு அடுப்பு சீகை விறகில்தான் எரிகிறது. அந்த வீடுகளுக்கு மாற்று சொல்லாமல் மரத்தை மட்டும் எடுத்தால், சுமை பெண்கள் தலையில்தான் விழும்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில், சீகை எடுத்து நாட்டுப்புல் நட்டுவரும் ஒரு சரிவுக்குப் போயிருந்தேன். நான்கைந்து பெண்கள் தலையில் கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு வேலை செய்தார்கள். நாற்றங்காலில் வளர்த்த புல்தூரைப் பையிலிருந்து எடுத்து, இரண்டாக வகுந்து, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி, உள்ளங்கையால் அழுத்தினார்கள். ஊன்றிய புல்லுக்கு நடுவே விரல்நீளச் சீகைக் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருந்தன.

“முந்தாநாள் பிடுங்கின எடம்தாங்க இது” என்றார் ஒரு அம்மா.

“இன்னும் எத்தனை வருஷம் பிடுங்கணும்மா?”

“அது விதை தீர்ற வரைக்கும்” என்று சொல்லிவிட்டு, ஒரு கைப்பிடிக் கன்றுகளை மடியில் போட்டுக்கொண்டு முழங்காலாலேயே அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அவர் முழங்கால் பதிந்த இரண்டு குழியிலும் மண் நனைந்திருந்தது.