மோட்டார் வாகனத்திற்கேற்ற ஒலிக் கருவிகள்

கொழும்பிலிருந்து முறையான வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் பொறியியலாளர் இருவர், காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச் சுருளொன்று காகிதக் கூம்பை அதிரச் செய்து ஒலி எழுப்பும் முறையை விளக்கி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். இன்று இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் வானின் கதவில் இருக்கும் கருவியும் அதே முறையில்தான் இயங்குகிறது.

சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் குடும்பமொன்று அரும்பாடுபட்டு ஒரு பழைய காரையோ வானையோ வாங்குகிறது. அதற்கு அடுத்தபடியாக வாங்க நினைப்பது பாட்டுப் பெட்டி. கடைக்காரர் ஆயிரம் வாட் என்பார். ஈராயிரம் வாட் என்பார். எதை நம்பிப் பணம் கொடுப்பது? இதைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

ஒலிபெருக்கி என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு கருவிகளைக் குறித்து வருகிறோம். மெல்லிய மின்சைகையை வலிமையுள்ளதாக்குவது ஆம்ப்ளிஃபயர். அந்த மின்சாரத்தை ஒலியாக்குவது ஸ்பீக்கர். இவற்றுள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்பீக்கரே ஆகும். ஸ்பீக்கருக்குப் பொருந்துமாறு ஆம்ப்ளிஃபயரைத் தேடுவது எளிது.

ஸ்பீக்கரின் பெட்டியில் உணர்திறன் என்று ஓர் எண் டெசிபெல் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி கேட்கும் என்பதை அது காட்டுகிறது. 87 டெசிபெல் உள்ள ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 90 டெசிபெல் உள்ள ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே தந்துவிடும். மூன்றே டெசிபெல் வித்தியாசத்தில் மின்சாரத் தேவை பாதியாகிறது. ஆகவே, வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

இனி, வாட் கணக்கிற்கு வருவோம். ஓடும் காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண செட், இந்த அழுத்தத்தைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 18 முதல் 20 வாட் வரையே. பெட்டியின் மேல் 50 வாட் என்று எழுதியிருப்பது கணநேர உச்சத்தைக் குறிப்பது. எந்தக் கருவியானாலும் ‘தொடர்ந்து எத்தனை வாட்?’ என்று கேட்பதே முறை. மேலும், பத்து மடங்கு வாட் கொடுத்தால்தான் நம் செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றும். இவ்வாறு பார்க்கும்போது, நல்ல உணர்திறனுள்ள நான்கு ஸ்பீக்கர்கள் இருந்தால் சாதாரணக் காருக்குச் செட்டின் சொந்த ஆற்றலே போதுமானது. இரைச்சல் மிகுந்த வானுக்கு வேண்டுமானால், ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தொடர்ந்து 40 அல்லது 50 வாட் தரும் நான்கு வழி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கலாம். அது எத்தனை ஓமைத் தாங்கும் என்பதையும் கேட்டறிக. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே வழியில் பக்க இணைப்பாகச் சேர்த்தால் தடை 2 ஓமாகக் குறைந்துவிடும். அதைத் தாங்காத கருவி சூடேறிப் பழுதாகும்.

நமது பிரதேசத்தின் மழையை நாம் மறக்கலாகாது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கதவினுள் நீர் இறங்கும், ஈரம் உலராது. பதப்படுத்தாத காகிதக் கூம்பு இதில் ஊறித் தளரும். கூம்பின் ஓரத்திலுள்ள ஸ்பஞ்சு வளையமும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் வகைக் கூம்பும் இறப்பர் வளையமும் உள்ளதையே தேடுங்கள். கேகாலை மாவட்டத்தவருக்கு இறப்பரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை அன்றோ!

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கம்பியும் ஃபியூஸும் ஆகும். தனி ஆம்ப்ளிஃபயர் முழு வலிமையில் இயங்கும்போது 20 அல்லது 30 ஆம்பியர் மின்சாரம் இழுக்கக்கூடும். அதற்குச் சுத்தமான செப்புக் கம்பி வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் அதிகத் தடையுள்ளது. பாட்டரியிலிருந்து ஒரு முழத்திற்குள் ஃபியூஸ் இருத்தல் வேண்டும். கம்பி எங்கேனும் உராய்ந்து இரும்பில் பட்டால், வண்டி தீப்பற்றாமல் காப்பது அந்தச் சிறு ஃபியூஸ்தான்.

பொருத்திய பின் செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் கம்பிகளில் டார்ச் லைட்டின் 1.5 வோல்ட் பாட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். எல்லாக் கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று மாறி அசைந்தால், கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்து மெலிந்துவிடும்.

மலைமறைவில் வானொலி கரகரத்தால் ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதில் பயனில்லை. அது கரகரப்பையும் சேர்த்தே பெருக்கும். முதலில் ஏரியலையும் அதன் இணைப்பையும் கவனியுங்கள்.

திருவிழா நாட்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து பாட்டு ஒலிக்க விடுகிறோம். 40 ஆம்பியர் மணி கொண்ட பாட்டரியிலிருந்து 5 ஆம்பியர் வீதம் எடுத்தால், நான்கு மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். பழைய பாட்டரியானால் அதன்பின் வண்டி கிளம்பாமலும் போகலாம். அன்றிரவே லயத்திலிருந்து பிள்ளைப்பேற்று வலி கண்ட பெண்ணொருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் என்ன செய்வது?

இறுதியாக ஒன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயங்களும் மண்ணில் புதைந்து உயிர்கள் மாண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேசச் செயலாளர் பிரிவுகளின் பெயர் கூறி, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் விடுக்கிறது. சிவப்பு என்றால் இடம்விட்டு வெளியேற வேண்டும். மழை நாளில் எட்டியாந்தோட்டைக்கோ தெரணியகலைக்கோ திரும்பும் ஒருவர், அந்த ஊர்ப் பெயரையும் நிறத்தையும் வானொலியில் பிழையின்றிக் கேட்டாக வேண்டும்.

‘கல்’ என்பதையும் ‘பல்’ என்பதையும் நாம் பிரித்தறிவது பெரும்பாலும் வினாடிக்கு 1,000 முதல் 4,000 வரையிலான அதிர்வுகளால். கனத்த முழக்கம் மிகுந்தால் இவை அமுங்கிவிடும். ஆதலால் கடைக்குச் செல்லும்போது பாட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். செய்தியறிக்கையை மெதுவான ஒலியில் வைக்கச் சொல்லுங்கள். இயன்றால் வீட்டிலுள்ள வயது முதிர்ந்தவரைப் பின் இருக்கையில் அமர்த்துங்கள். ஊர்ப் பெயர்கள் அவருக்கு விளங்குகின்றனவா என்று கேளுங்கள். விளங்கினால் அந்தச் செட்டை வாங்கலாம். அதில் பாட்டும் இனிமையாகவே கேட்கும். வாங்கிய பின்னும், வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹார்ன் காதில் விழும் அளவுக்கே ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். நமது மலைப்பாதைகளில் அந்த ஓசையும் கேட்டே ஆகவேண்டிய ஒன்று.