நிற்கிற தண்ணீர்

(முன்னாள் மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் நிலையமும் பிச்சாவரமும்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். பெருமை பேசினால் பத்து நிமிடம் போதாது. ஆகவே பெருமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நாற்பது வருடத்துக்கு மேலாக என் மனதில் கிடக்கிற ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1960-களின் தொடக்கத்தில் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், கடல் உயிரியலுக்கென்று ஒரு நிலையத்தை அமைத்தது. பேராசிரியர் ஆர்.வி.சேஷையா அதற்கு வித்திட்டவர். சில ஆண்டுகளிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக அங்கீகரித்தது. 'போர்ட்டோ நோவோ' என்று முகவரி போட்ட ஆய்வுக் கட்டுரைகளை உலகத்தின் எந்தக் கடல் ஆராய்ச்சி நூலகத்திலும் நீங்கள் பார்க்கலாம். அந்த முகவரி ஒரு சின்ன ஊர், மீன் நாற்றம் அடிக்கும் ஊர் என்பது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம்!

பிச்சாவரம் நமக்கு ஆய்வுக்கூடத்தின் இன்னொரு அறை மாதிரி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். வெளியூர்க்காரர்களுக்கு அது 1975-இல் வந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்த இடம். நமக்கோ, கண்டல் இலையைப் பறித்து, "நக்கிப் பாருங்கடா" என்று ஆசிரியர் சொன்ன இடம். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக அந்த மரம் வெளியே தள்ளுகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் நாக்கில் படித்தோம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரத்தையும் நான் முதலில் பார்த்தது அங்கேதான். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தள்ளி நில்லுங்கள் என்று எச்சரித்தது ஆசிரியர் அல்ல, படகுக்காரர்.

அந்தப் படகுக்காரரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கிள்ளைக்காரர். வயது அப்போதே ஐம்பதுக்கு மேல். நான் எம்.எஸ்ஸி. படித்த 1978–80-இல் எங்களை ஓடைக்கு ஓடை கொண்டுபோனவர். காட்டின் நடுவில் அங்கங்கே மொட்டைத் திட்டுகள் இருக்கும், நினைவிருக்கிறதா? வெயிலில் உப்புப் பூத்துக் கிடக்கும். என்னுடைய சிறு ஆய்வு அந்தத் திட்டு ஒன்றில்தான். சுரபுன்னை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும் நாற்றுகளைச் சேகரித்து, மார்கழியில் இருநூறு நட்டேன். சித்திரையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கருகிக் குச்சியாக நின்றன.

படகுக்காரர் துடுப்பை ஊன்றியபடி சொன்னார்: "தம்பி, இந்த எடம் குழிஞ்சு கெடக்கு. ஏத்தத்துல தண்ணி உள்ள வருது, வத்தத்துல வெளிய போவல. நிக்கிற தண்ணி வெயில்ல காஞ்சா உப்பாத்தானே ஆவும்? அதுல எது பொழைக்கும்? மரத்த வெட்டாம இருந்தப்ப இப்படி இல்ல."

நான் மண்ணை எடுத்துவந்து உப்பின் அளவைக் கண்டு, 'மண்ணில் உவர்ப்பு மிகுதி' என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் நியாயமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உப்பு ஏன் அங்கே மட்டும் அதிகம்?" எனக்கு விடை தெரியும். ஆனால், படகுக்காரர் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்டால்? "தெரியவில்லை சார்" என்றேன். அவர் பெயரை நன்றியுரைப் பக்கத்திலும் போடவில்லை. தட்டச்சு செய்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தேன்.

பிறகு வேலை, வெளியூர், குடும்பம். 1990-களின் பிற்பகுதியில் ஒருநாள் பழைய நினைவில் பிச்சாவரம் போனேன். என் மொட்டைத் திட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி. கரைச் சரிவில் இளங்கன்றுகள் பச்சைப்பசேல் என்று நின்றன.

டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. அவர்கள் கண்ட காரணம் என்ன தெரியுமா? வெள்ளைக்காரர் காலத்தில் கூப்பு முறையில் பகுதி பகுதியாகக் காட்டை முழுக்க வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. நிழல் போன மண் காய்ந்து, அமுங்கி, தொட்டி போல் குழிந்தது. நம் கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் குறைவு. சிறு பள்ளம் போதும், வந்த தண்ணீர் திரும்பாது. நின்ற தண்ணீர் வற்றி உப்பாகும். ஆகவே முதலில் தண்ணீர் வந்துபோக வழி, பிறகுதான் செடி.

வாய்க்கால் கரையில் நின்றபடியே நான் வெட்கப்பட்டேன். என் படகுக்காரர் நாலு வரியில் சொன்னது அதுதானே! கிள்ளைக்குப் போய் விசாரித்தேன். அவர் காலமாகிச் சில வருடம் ஆகியிருந்தது.

நண்பர்களே, நம் நிலையத்தின் சாதனைகளை நான் குறைத்துப் பேசவில்லை. பிச்சாவரத்தில் காணப்படும் ஒரு கலப்பினச் சுரபுன்னைக்குப் பேராசிரியர் கதிரேசன் 'ரைசோபோரா அண்ணாமலையானா' என்று 1995-இல் பெயரிட்டார். நம் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு மரம் சுமந்து நிற்கிறது! யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அலையாத்திக் காடுகள் பற்றிய சர்வதேசப் பயிற்சியைப் பரங்கிப்பேட்டையில் நடத்தின. 2013-இல் பல்கலைக்கழகம் தமிழக அரசின் பொறுப்பில் வந்தது. 2022-இல் பிச்சாவரம், 1,478 ஹெக்டேர் பரப்போடு, ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

2004 டிசம்பர் 26 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆழிப்பேரலை நம் கடற்கரையில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பேராசிரியர் கதிரேசனும் அவர் சகாவும் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். உலகமே அதை எடுத்துப் பேசியது. அடுத்த வருடமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே சஞ்சிகையில், அதே எண்களை வைத்து மறுத்தார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் பெரும்பகுதி காரணம், காட்டின் பங்கு சிறியது என்றார்கள். நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. கேள்வி கேட்பதற்குத்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? காடு சுவர் அல்ல. ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதுவே சோறு. காட்டைக் காக்க அந்தக் காரணம் போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

மத்திய அரசு 2023 நிதிநிலை அறிக்கையில் 'மிஷ்டி' என்ற அலையாத்திக் காடு வளர்ப்புத் திட்டத்தை அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கடற்கரையில் கன்று நடும் விழாப் புகைப்படம் எதைப் பார்த்தாலும் என் இருநூறு நாற்றுகள்தான் ஞாபகம் வருகின்றன. எத்தனை நட்டீர்கள் என்று கேட்பதைவிட, தண்ணீர் வந்துபோகிறதா, மூன்று வருடம் கழித்து எத்தனை நிற்கின்றன என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்ன சொன்னார் என்றும் கேளுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் உள்ள மூத்த படகுக்காரர்கள், வலைக்காரர்கள், இருளர் பெரியவர்கள் ஆகியோரிடம் காட்டைப் பற்றிக் கேட்டு, அவர்கள் பெயரோடு பதிவுசெய்து, நம் நூலகத்தில் வைக்க வேண்டும். முதல் செலவை நான் ஏற்கிறேன். இரண்டாவது, இங்கே வந்திருக்கும் இளைய மாணவர்களுக்கு. உங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் படகு ஓட்டியவர் பெயரைப் போடுங்கள். அவர் சொன்னது உங்கள் முடிவில் இருந்தால், அதையும் அவர் பெயரிலேயே எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வில் சொல்லாமல் விட்ட விடையை இன்று உங்கள் முன் சொல்லிவிட்டேன். மதிப்பெண் போட அந்த ஆசிரியர் இன்று இல்லை. அவருக்கும் அந்தப் படகுக்காரருக்கும் என் வணக்கம்.

 சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார்.